பசறை வீதியில் ஒரு கை ராட்டினம்

காலை நாலரைக்கு எழுந்ததும் நான் முதலில் செய்தது, அலமாரியில் சேலைகளுக்கு நடுவே வைத்திருந்த கடிதத்தை எடுத்துக் கைப்பைக்குள் போட்டதுதான். அதற்குப் பிறகுதான் முட்டைகளை அவிய வைத்தேன்.

கடிதம் வந்து பன்னிரண்டு நாளாகிவிட்டது. நமுனுகுலப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலைக்கு என்னை அதிபராக நியமித்திருக்கிறார்கள். தங்குவதற்கு இரண்டு அறை கொண்ட விடுதியும் உண்டு. ஏற்பதா மறுப்பதா என்று திங்கட்கிழமைக்குள் அதிலேயே கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும். பண்டாரவளையில் தம்பி சிவாவின் குடும்பத்தோடு பதினேழு வருடமாக இருக்கிறேன். அங்கிருந்து தினமும் போய்வர முடியாத தூரம். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. (இந்த வலைப்பூவை வீட்டில் யாரும் வாசிப்பதில்லை. அதனால்தான் இங்கே எழுத முடிகிறது.)

ஆகஸ்ட் விடுமுறையின் கடைசிச் சனிக்கிழமை. பிள்ளைகளை இன்னும் எங்குமே கூட்டிப் போகவில்லை என்று சிவாவுக்குத் திடீரென்று உறுத்தியது. மரக்கறி ஏற்றும் வானைக் கழுவி, பின்னால் பாய் விரித்தான். ஏழேகாலுக்குப் புறப்பட்டோம். பதுளை வரை முப்பது கிலோமீற்றர், ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூட. பண்டாரவளையில் போட்டிருந்த ஸ்வெட்டரை ஹாலிஎலயில் கழற்ற வேண்டியதாயிற்று. பதுளையில் வெயில் அப்போதே பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. வானுக்குள் முந்தைய நாள் லீக்ஸ் வாசனை.

பசறை வீதியில் திரும்பியதும் சிவா முன்னாலிருந்து கேட்டான்.

"அக்கா, அடுத்த வருசம் தினேஷுக்கு ஏ.எல். படிப்பு தொடங்குதுல்ல? ஒன்னோட ரூமை அவனுக்குக் குடுத்துருவோமா? நீ பவி கூட ஹால்ல படுத்துக்கலாம்."

"அப்பா, அத்தைக்கிட்ட கேக்காம..." என்று தினேஷ் நெளிந்தான். பதினாறு வயது. நல்ல பிள்ளை.

"கேட்டுக்கிட்டுத்தானேடா இருக்கேன். நீ எங்கக்கா போகப் போற?"

"அக்கா இருக்காங்கங்கிற தைரியத்துலதான் நாங்க இருக்கோம்," என்றாள் தம்பி மனைவி கலா. உண்மையாகவே சொன்னாள். நான் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கைப்பை மடியில் இருந்தது.

பசறைக்கு நான்கு கிலோமீற்றர் இருக்கும்போது, இடதுபக்க வளைவில் அந்தப் பூங்கா வருகிறது. பெரிய பலகை எதுவும் கிடையாது. சாயம் உரிந்த சீமெந்து யானை நின்றால் அதுதான் இடம். பெரியவர்களுக்கு இருநூறு ரூபாய், பிள்ளைகளுக்கு நூறு, வான் நிறுத்த நூற்றைம்பது. உள்ளே சீமெந்து மான்கள், வற்றிப்போன குளம், சூட்டில் உட்கார முடியாத தகரச் சறுக்கு. இவற்றுக்காக யாரும் மெனக்கெட வேண்டாம். பார்க்க வேண்டியது ராட்டினம். மோட்டார் இல்லை. நான்கு மரத் தொட்டில்கள், ஒன்றில் இரண்டு பேர். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் கையால் தள்ளிச் சுற்றுகிறார். அவருடைய கணவர் டிக்கெட் கிழிக்கிறார். ஆளுக்கு நூறு ரூபாய்.

இப்படியான இடங்களில் நான் பைகளுக்குக் காவல். அன்று தினேஷின் தங்கை, ஒன்பது வயதுப் பவி, விடவில்லை. "அத்தையும் வரணும்!"

சிவாவும் தினேஷும் ஒன்றில் ஏறினார்கள். கலாவும் பவியும் எதிர்த் தொட்டிலில். பதுளையிலிருந்து வந்திருந்த புதுமணத் தம்பதி மூன்றாவதில். நான்காவது எனக்கு.

"ஒத்தையாளா? தொட்டில் ஒரு பக்கமா சாஞ்சுரும்," என்றார் அந்தப் பெண். "நீங்க எத்தன கிலோ?"

"அம்பத்தெட்டு."

"அப்ப பெரியவரைத் தூக்குங்க!" என்று கணவருக்குக் குரல் கொடுத்தார். அவர் ஒரு மண் மூட்டையைக் கட்டிப்பிடித்துத் தூக்கிவந்து என் பக்கத்தில் உட்கார வைத்தார். யாரோ அதற்கு ஒரு பழைய சட்டை மாட்டியிருந்தார்கள்.

"பயப்படாதீங்க டீச்சர். குடிக்க மாட்டாரு, பேச மாட்டாரு. என் வீட்டுக்காரரைவிட நல்லவரு."

"அவருக்குச் சோறும் போட வேணாம்," என்றார் கணவர்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நான் டீச்சர் என்று அவருக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்கவில்லை. மூட்டைக்கும் சேர்த்து இருநூறு ரூபாய்.

பத்துச் சுற்று. ஓரத்துக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்தேன். இறக்கும்போது எதிரெதிர்த் தொட்டில்களாக இறக்குகிறார்கள். அதனால் சிவாவும் தினேஷும் முதலில், அடுத்துக் கலாவும் பவியும். தம்பதி கீழே வந்தபோது நான் உச்சியில் இருந்தேன். மணப்பெண்ணின் சேலை ஓர் ஆணியில் மாட்டிக்கொண்டது. அதை எடுக்க நேரமாயிற்று.

இருபதடி உயரம் இருக்கும். மரத்தடியில் எங்கள் பாயை விரித்துவிட்டார்கள். கலா முட்டைகளை உரித்து நான்கு தட்டில் வைத்தாள். ஐந்தாவது தட்டில் தோலைப் போட்டாள். கெட்ட எண்ணம் எதுவுமில்லை. தோல் போட ஒரு தட்டு வேண்டும். யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அந்தப் பக்கம், நமுனுகுல மலை வெயிலில் மங்கிக் கிடந்தது. அடிவாரத் தேயிலைக்குள் ஒரு சிவப்பு பஸ் மறைந்து மறைந்து ஏறிக்கொண்டிருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"டீச்சர், எறக்கவா?"

"இன்னொரு தரம் சுத்த முடியுமா?"

"ஆளே இல்லையே! சரி, சுத்துறேன். ஆனா பெரியவர எறக்கிருவோம். எதிர்த் தொட்டில் காலி. ரெண்டு பேரையும் தள்ள என் கையில பலம் இல்ல."

"சாயாதா?"

"நடுவுல ஒக்காந்தா சாயாது."

"அதை முதல்லயே சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா யாரு கேக்குறா? நடுவுல பிடிக்கக் கம்பி இல்லைன்னு ஒரே கூச்சல். மூட்டைய வச்சா பேசாம ஒக்காந்துக்குவாங்க."

தொட்டிலைக் கீழே கொண்டுவந்து மூட்டையை எடுத்தார்கள். நடுவில் உட்கார்ந்தேன். கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. முழங்கால்மேல் வைத்தேன். முதல் சுற்றில் கை ஓரத்துக் கம்பியைத் தேடியது. மூன்றாவதில் தேடவில்லை.

இறங்கிப் போனபோது பவி மட்டும் கேட்டாள். "ரெண்டாவது தரம் யாரு கூட போனீங்க, அத்தை?"

"தனியா."

"பயமா இல்லையா?"

"மொதல்ல இருந்துச்சு."

எனக்கு வைத்திருந்த இரண்டு முட்டையும் பாத்திரத்திலேயே இருந்தன. தோலைக் கொட்டிவிட்டு அந்தத் தட்டிலேயே சாப்பிட்டேன்.

போக நினைப்பவர்களுக்கு: பத்து மணிக்கு முன்னால் போய்விடுங்கள், பிறகு நிழல் இல்லை. பஸ்ஸில் வந்தால், பதுளையிலிருந்து பசறை பஸ் ஏறி, சீமெந்து யானை என்று சொன்னால் இறக்கிவிடுவார்கள். தண்ணீர் கொண்டுபோங்கள். அங்கே விற்பது சோடா மட்டும். சேலை கட்டுபவர்கள் ஆணிகளைப் பார்த்துக்கொள்ளவும். தனியாகப் போகிறவர்கள் மூட்டைக்குக் காசு கொடுக்காதீர்கள். நடுவில் உட்காருகிறேன் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

திரும்பும் வழியில், ஹாலிஎலயில் தேநீர் குடிக்க எல்லோரும் இறங்கினார்கள். நான் இறங்கவில்லை. கடிதத்தை மடியில் விரித்து, ஏற்கிறேன் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன். திங்கட்கிழமை கல்விக் காரியாலயத்தில் நானே கொடுத்துவிடுவேன். அறையைத் தினேஷ் எடுத்துக்கொள்ளட்டும்.

நான் எங்கே போகப் போகிறேன் என்று சிவா கேட்டான். நமுனுகுலவுக்கு. அவனிடம் இன்னும் சொல்லவில்லை.