சம்மனசுக் காசு

ஆண்டவர் சித்தப்படி எங்களைப் பிரிந்து ஒரு வருடமாகிவிட்ட எங்கள் அண்ணா மன்னார் பேசாலையில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். எங்களைப் பெற்ற ஐயா கடலில் தவறிய பின் படிப்பை விட்டு, கப்பல் குசினியில் சமையல் வேலைக்குப் போய் எங்கள் நால்வரையும் ஆளாக்கினார். கலியாணம் செய்யவில்லை. குடி, சிகரெட் கிடையாது. அமெரிக்கத் துறைமுகங்களில் இறங்கினால் பழைய பத்துச் சத வெள்ளிக் காசுகளைத் தேடிச் சேர்ப்பார், அது ஒன்றுதான் அவருடைய ஆசை. சிறகு வைத்த தொப்பியோடு ஒரு பெண்ணின் தலை பதித்த காசு அது. அடித்த ஒவ்வொரு வருடத்துக்கும், அடித்த ஒவ்வொரு ஊருக்கும் ஒன்று வேண்டும் என்று ஆல்பம் வைத்திருந்தார்.

எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்துக்கு அடுத்த வருடம் டென்மார்க் வந்து, கிரின்ஸ்டெட் என்ற ஊரில் எல்லோரும் ஒரே வீட்டில் இருந்தோம். அண்ணா வேலை செய்த தொழிற்சாலையில் பென்ட் என்ற டெனிஷ்காரர் சிநேகிதரானார். அவரும் காசு சேர்ப்பவர். ஊர் நூலகத்தில் நடக்க இருந்த காசுக் கண்காட்சியில் அண்ணாவின் ஆல்பத்தை வைக்க அவரே இடம் கேட்டு வாங்கினார். கடைசியாகக் குறைந்திருந்த காசும், பல வருடம் தேடி, அந்தக் குளிர்காலத்தில்தான் கிடைத்தது.

அதே மாதம் என் மகளுக்கு ஞானஸ்நானம். குறைமாதத்தில் பிறந்து நோஞ்சானாக இருந்தாள். காசில் இருக்கும் சிறகு வைத்த தலை, பிள்ளைகளைக் காக்கும் வானதூதரான சம்மனசு என்றே நான் நம்பியிருந்தேன்.

“அண்ணை, பிள்ளையின்ரை கழுத்திலை போட ஒரு சம்மனசுக் காசு எடுக்கட்டோ?”

“ஓம், எடு பிள்ளை.”

இரட்டையாக வந்த காசுகள் கிடந்த பிஸ்கட் தகரப் பேணியைத்தான் அவர் நினைத்திருக்கிறார். நான் ஆல்பத்தைத் திறந்து, தனி உறையில் இருந்தது நல்லதாக்கும் என்று அதை எடுத்தேன். பின்பக்கத்தில் ‘டி’ என்று ஒரு சின்ன ஆங்கில எழுத்து. “டென்மார்க்குக்குத்தான் டி” என்று சொல்லி என் கணவர் அதில் துளை போட்டுத் தந்தார்.

அண்ணா அவ்வளவு காலம் தேடிய காசு அதுதான்; ‘டி’ அதை அடித்த அமெரிக்க ஊரின் முதலெழுத்தாம். கோயிலில் பிள்ளையைத் தூக்கியவர் காசைத் திருப்பிப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

“இது சம்மனசு இல்லைப் பிள்ளை. சுதந்திரம் எண்டு அமெரிக்கர் வைச்ச பேர்.”

நான் கழற்றப் போனேன்.

“துளை போட்டதைக் கழட்டி என்ன செய்யப் போறாய்? கிடக்கட்டும்.”

துளை விழுந்த காசைச் சேகரிப்பவர்கள் கணக்கில் எடுப்பதில்லையாம். கண்காட்சியில் அந்த ஒரு இடம் வெறுமையாகவே இருந்தது. ஏன் என்று கேட்டவர்களுக்கு அண்ணா தனக்குத் தெரிந்த டெனிஷில், அந்தக் காசு வேலைக்குப் போய்விட்டது என்றார். பென்ட் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சென்ற வருடம் புற்றுநோய் என்றார்கள். ஆஸ்பத்திரியில் செபமாலை சொல்லி முடித்த ஒரு பின்னேரம் மனதைத் திடப்படுத்திக் கேட்டேன்.

“அண்ணை, அந்தக் காசாலை என்னிலை கோவமோ?”

“ஓம், இருந்தது. ஒரு கிழமை. ஏழே நாள்.”

“பிறகு?”

“பிறகு பிள்ளை என்னைப் பாத்துச் சிரிக்கத் துவங்கிட்டாள். ஆர் கோவத்தைப் பாக்கிறது?”

அதற்கு மூன்றாம் நாள், சுவாமியிடம் கடைசி அவஸ்தைப்பூசுதல் பெற்று, அமைதியாகக் கண்மூடினார்.

பஸ் குறைந்த இந்த ஊரில் தினமும் எங்களை ஆஸ்பத்திரிக்கு ஏற்றி இறக்கிய பென்ட், அண்ணாவைப் பார்த்துக்கொண்ட தாதிமார், பூசை ஒப்புக்கொடுத்த சுவாமி, விபோர்க்கிலிருந்து சமைத்துக்கொண்டு வந்த குடும்பங்கள் எல்லோருக்கும் எங்கள் நன்றி. அண்ணா யாரையாவது நோகப் பேசியிருந்தால் அவருக்காக நான் மன்னிப்புக் கேட்கிறேன். அவருக்குத் தங்கள் மேல் கோபம் இருந்திருக்குமோ என்று யாரும் மனம் வருந்த வேண்டாம். அது ஒரு கிழமைக்கு மேல் நின்றிருக்காது.

அன்புத் தங்கை