புருவத்தில் ஒரு நெல்

நேற்றுக் காலை காபியை ஆற்றிக்கொண்டே ஒரு விரலால் போனைத் தள்ளிக்கொண்டிருந்தேன். பழைய கவர்ச்சி நடிகை சுகந்தமாலா காலமானார் என்று ஒரு செய்தி வந்தது. எழுபதைத் தாண்டியவர், கடைசிக் காலத்தில் தனியாக இருந்தாராம். கீழே அவருடைய இளமைக்காலப் படம் என்று ஒன்றைப் போட்டிருந்தார்கள். பச்சைத் தாவணி, கழுத்தில் பாசிமணி, நெற்றியில் சாந்துப் பொட்டு. இடது புருவத்துக்கு மேலே நெல் அளவுக்கு ஒரு வெளிறிய தழும்பு. நான் தம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்.

அந்த நடிகை பச்சைத் தாவணியில் படம் எடுத்துக்கொண்டதே கிடையாது. அவர் புருவத்தில் தழும்பும் கிடையாது. தாவணி, தழும்பு இரண்டையும் வரைந்தவன் நான். அதுவும் அவருக்காக வரையவில்லை. அவருக்கு முன்பே செத்துப்போன ஒரு பெண்ணுக்காக வரைந்தேன்.

உடனே ஹைப்போ வாசனை அடித்தது. போட்டோ கழுவும் மருந்தின் பெயர் அது. புளித்த மோர் மாதிரி மூக்கில் ஏறும். எங்கள் வீட்டில் அந்த வாசனை வர நியாயமே இல்லை. ஆனாலும் எழுந்து போய் அடுப்படியை ஒருமுறை பார்த்துவிட்டு வந்தேன் என்பதை உங்களிடம் மறைப்பானேன்?

தஞ்சாவூரில் ஒரு மாடிப்படிக்கு மேலே இருந்த ஸ்டூடியோவில் எனக்கு டச்சப் வேலை. பெரிய ஓவியனாகப் போகிறேன் என்று ஊரில் சொல்லிவிட்டு வந்தவன், மாப்பிள்ளைகளுக்கு மீசை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பருக்கள் மறையும், வழுக்கையில் நாலு முடி கூடும், கறுத்த பெண் கொஞ்சம் வெளுப்பாள். கறுப்பு வெள்ளைப் படத்துக்குக் கையால் வண்ணம் கொடுப்பதும் என் வேலைதான்.

இன்னொரு வேலையும் இருந்தது. அதைப் பலகையில் எழுதியிருக்க மாட்டார்கள். செத்துப்போனவருக்குப் படமே இல்லை என்று அழுதுகொண்டு வருவார்கள். எங்கள் முதலாளி மேசைக்கு அடியிலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை எடுப்பார். பாஸ்போர்ட் படம் எடுத்துவிட்டு வாங்கிப் போகாதவர்களின் முகங்கள் அதில் கிடக்கும். "ஜாடை எது கிட்ட வருதுன்னு பாருங்க" என்பார். வந்தவர்கள் பொறுக்கி எடுக்கும் முகத்தைப் பெரிதாக்கி, அவர்கள் சொல்லச் சொல்ல மூக்கையும் காதையும் நான் மாற்றுவேன். மாலை போட்டு, விளக்கேற்றிக் கும்பிடுவார்கள். யாருக்கும் குறையில்லை.

ஒருநாள் பஸ் கண்டக்டர் ஒருவர் ரசீதோடு வந்து, ரெண்டு வருஷத்துக்கு முன்னால் எடுத்த படத்தைக் கேட்டார். அவரை நான் ஒரத்தநாட்டுப் பக்கம் ஒரு வீட்டுக்கு அப்பாவாக்கி, திதிகூடக் கொடுக்க வைத்திருந்தேன். "என்னங்க, பேயறைஞ்ச மாதிரி பாக்கிறீங்க?" என்றார். படம் கெட்டுவிட்டது என்று சொல்லி, காசு வாங்காமல் புதிதாக எடுத்துக் கொடுத்தோம்.

தனபாக்கியமும் அவள் புருஷனும் வந்தது அதற்கடுத்த தையில். பூதலூரிலிருந்து உள்ளே தள்ளி ஒரு கிராமம். கூலி வேலை. ஒரே பெண் பவுனு, பதினைந்து வயதில் மூளைக்காய்ச்சலில் போய்விட்டாள். எங்கள் பக்கத்தில் கல்யாணமாகாமல் செத்த பெண் வீட்டுச் சாமியாகிவிடுவாள். வருஷத்துக்கொரு நாள் புதுத்துணி, வளையல், பூ வைத்துப் படைப்பார்கள். ஒரு செம்பில் தண்ணீர் வைத்துத் துணி சுற்றினால் போதும், முகமெல்லாம் தேவையில்லை. புருஷனும் அதைத்தான் சொன்னார். "செம்பே போதும்ங்கிறேன், கேக்க மாட்டேங்குறா."

தனபாக்கியம் என்னைப் பார்த்துச் சொன்னாள். "செம்பப் பாத்துப் பாத்து மொகம் மறந்துபோவுது தம்பி. மூக்கு எப்பிடின்னு இப்பவே நெனவில்ல. அவ போனப்பகூட நான் கிட்ட இல்ல. நடவுல நின்னேன். வந்து பாக்குறதுக்குள்ள மண்ணப் போட்டு மூடிட்டாவ."

டின்னில் இருந்த முகம் ஒன்றும் சரிப்படவில்லை. திடீரென்று அவள் கை சுவரைக் காட்டியது. உரக்கடை காலண்டர் அது. நெற்கதிர்க் கட்டை அணைத்துக்கொண்டு ஒரு பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். களத்துமேட்டில் எந்தப் பெண்ணும் அப்படி உடுத்திக்கொண்டு நிற்க மாட்டாள். ஆம்பளைகள் உரம் வாங்காவிட்டாலும் காலண்டரை மட்டும் கேட்டு வாங்கிப் போவார்கள். தனபாக்கியம் அந்த உடையைப் பார்த்ததாகவே தெரியவில்லை. "இந்தா இருக்காளே" என்றாள், காணாமல் போன கன்றுக்குட்டியைக் கண்டவள் போல.

காலண்டரைப் படம் பிடித்து, பெரிதாக்கி, வண்ணம் கொடுத்தேன். மறைக்க வேண்டியதை மறைக்கப் பச்சை கொஞ்சம் அதிகமாகவே செலவானது. உதட்டுச் சாயத்தை எடுத்தேன். எல்லாம் முடிந்ததும் தனபாக்கியம் கிட்டே வந்து, பவுனு சின்னதில் கதிர் அறுக்கிற இடத்தில் விளையாடும்போது அரிவாள் நுனி பட்டதென்று, இடது புருவத்தின் மேல் விரலை வைத்துக் காட்டினாள். "நெல்லு மாதிரி இருக்கும் தம்பி." இருப்பதிலேயே மெல்லிய பிரஷ்ஷால் அந்த நெல்லை வைத்தேன். அவளுக்கு அழுகை வந்தது அப்போதுதான். எனக்கும் கண் கலங்கியது, கொஞ்சம் கர்வமாகவும் இருந்தது.

ஒன்றரை வருஷம் போயிருக்கும். சம்பா நடவு நேரம். ஒரு பகலில் காலில் காய்ந்த சேற்றோடு மாடியேறி வந்தாள். மூச்சு வாங்கியது.

"தம்பி, எம்பொண்ணு செவுத்துல நிக்கிறா."

ரோட்டோர மதகில் ஒட்டிய சினிமா போஸ்டர். வெள்ளைப் புடவை, விரித்த தலைமுடி, கண்ணில் பச்சை வெளிச்சம். காலண்டர் பெண்ணுக்கு இப்போது சுகந்தமாலா என்று பெயர் வைத்து, பேய்ப்படத்தில் போட்டிருந்தார்கள். நான் விளக்கமாகச் சொன்னேன். இது நடிகை, இவர் படத்தைத்தான் நான் உங்களுக்கு மாற்றிக் கொடுத்தேன் என்று. டாக்டர் சொல்வதைக் கேட்கிற மாதிரி தலையாட்டிக் கேட்டுவிட்டு, "தழும்பு இல்ல" என்றாள்.

"அதான்மா சொல்றேன். இது அவ இல்ல."

"மேல போனா தழும்பெல்லாம் ஆறிடுமோ என்னவோ" என்றாள்.

அதற்கு நான் என்ன பதில் சொல்ல? படம் பார்க்கக் கூட்டிப் போகச் சொன்னாள். போனோம். அந்தக் கொட்டகையில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் நடுவே இடுப்பளவுத் தடுப்பு உண்டு. தடுப்புக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். கிணற்றடியில் நடிகை குளிக்கும் காட்சி வந்தபோது எங்கள் பக்கம் விசில் பறந்தது. தனபாக்கியம் முந்தானையை விரித்துத் திரையை நோக்கி நீட்டினாள், தூரத்தில் இருப்பவளுக்குப் போர்த்திவிடுவது போல. கழுத்தை நெரிக்க ஆள் வந்தபோது, "பவுனு, ஓடிடு" என்று கத்தினாள். கொட்டகையே சிரித்தது. நான் சிரிக்கவில்லை.

வெளியே வந்ததும் நிதானமாகச் சொன்னாள். "அன்னிக்குப் பாக்கல. இப்பப் பாத்துட்டேன்."

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். பாழாய்ப்போன சினிமாக்காரர்கள் விடவில்லை. சுகந்தமாலாவைக் கொல்வதுதான் வழக்கம் என்று ஆகிவிட்டது. இடைவேளைக்குள் செத்து, இடைவேளைக்குப் பிறகு பேயாக வர வேண்டும். ஒரு படத்தில் கிணற்றில் தள்ளினார்கள், ஒன்றில் பாலில் விஷம், ஒன்றில் தண்டவாளத்தில் கட்டிப் போட்டார்கள். ஒவ்வொரு படம் வரும்போதும் தனபாக்கியம் மாடியேறி வருவாள். "இதுலயாச்சும் உசுரோட இருக்காளா தம்பி?" நான் முன்னாலேயே பார்த்து வைத்திருப்பேன். உதட்டைப் பிதுக்குவேன். இருந்தாலும் போய்ப் பார்ப்பாள்.

ஒருநாள் அவள் புருஷன் மட்டும் வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "படம் பாத்துட்டு வந்தா ரெண்டு நாளைக்குச் சோறு எறங்கல அவளுக்கு. ஒரு வீட்டுல ஒரு சாவு விழும். எங்க வீட்டுல எட்டு விழுந்துடுச்சுங்க. மொகம் குடுத்தது நீங்க. நீங்கதான் எதாவது பண்ணணும்." அவர் சொன்னது நியாயம். அன்றைக்குச் சாப்பாடு எனக்கும் இறங்கவில்லை.

அந்த வாரம் முடிவெட்டும் கடையில் கிடந்த சினிமாப் பத்திரிகையில் அந்த நடிகையின் பேட்டி இருந்தது. உங்கள் ஆசை என்ன என்று கேட்டிருந்தார்கள். கடைசி ரீல் வரைக்கும் உயிரோடு இருக்கணும் என்று பதில் சொல்லியிருந்தார். வேடிக்கையாகச் சொன்னதோ என்னவோ, எனக்கு அவர் மீதும் இரக்கம் வந்துவிட்டது. பூதலூர்ப் பக்கம் ஒரு குடிசையில் வருஷா வருஷம் தனக்குப் புதுத்தாவணி வைத்துப் படைக்கிறார்கள் என்று அவருக்கு யார் சொல்லப் போகிறார்கள்?

கொட்டகை ஆபரேட்டர் கலியமூர்த்தி என்னோடு ஒரே மெஸ்ஸில் சாப்பிட்டவன். அடுத்த காட்சிக்குக் கூட்டம் சேர்ந்துவிட்டால் ஒரு ரீலை ஓட்டாமல் விழுங்கிவிடுவது அந்தக் கொட்டகை வழக்கம். கதை தெரியாமல் போனாலும் ஜனங்கள் ஒரு சத்தம் போட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். புதிதாகச் சுகந்தமாலா நடித்த படம் ஒன்று வந்திருந்தது. அவனிடம் விஷயத்தைச் சொன்னேன். "எந்த ரீலு?" என்று மட்டும் கேட்டான்.

பகல் காட்சி. தடுப்புக்கு அந்தப் பக்கம் தனபாக்கியம், இந்தப் பக்கம் நானும் அவள் புருஷனும். நடிகை குடத்தை எடுத்துக்கொண்டு ஆற்றுக்குக் கிளம்பினார். ஆற்றில்தான் அமுக்கிக் கொல்வார்கள். அந்த ரீலைக் கலியமூர்த்தி விழுங்கினான். அடுத்த காட்சியில் வெள்ளைப் புடவையில், புகைக்கு நடுவே, அவர் பாட்டுக்கு நடந்து வந்தார். வில்லன் பார்த்துவிட்டு அலறி ஓடினான். அவன் ஆட்களும் ஓடினார்கள். தனபாக்கியம் சிரித்தாள். அவள் சிரித்து நான் கேட்டது அன்றைக்குத்தான். படத்தின் முடிவில் மந்திரவாதி வந்து பேயைச் சீசாவில் அடைப்பார். அதையும் அவன் விழுங்கினான். சவுக்குத் தோப்பு வழியாக அவர் நடந்து போய்க்கொண்டிருக்கும்போதே விளக்கு எரிந்தது. ஜனங்கள் ஆபரேட்டரின் பரம்பரையையே திட்டிக்கொண்டு எழுந்தார்கள்.

"சாவலல்ல தம்பி?" என்றாள் வெளியே வந்ததும்.

"இல்லம்மா."

"நானும் பாத்துட்டேதான் இருந்தேன். அத்தன பயலுவளும் அவளப் பாத்து ஓடுறானுவ. அவ சும்மா நடக்குறா." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "தோப்புக்குள்ள போறப்பத் திரும்பி என்னைப் பாத்தா. தழும்பு இருந்துச்சு."

அந்தப் படத்தை நான் அதற்கு முன் இரண்டு முறை பார்த்திருந்தேன். அந்தக் காட்சியில் நடிகை திரும்புவதே இல்லை, முதுகுதான் தெரியும். கலியமூர்த்தியிடம் கேட்டேன். "திரும்பலையேப்பா" என்றான். மறுநாளும் போய்ப் பார்த்தேன். முதுகுதான்.

அதற்குப் பிறகு தனபாக்கியம் சினிமாவுக்கு வரவில்லை. போதும் என்று சொல்லி அனுப்பியிருந்தாள். நடிகைக்கும் மெதுவாகப் படங்கள் குறைந்தன. புதிய பேய்கள் வந்துவிட்டன. நானும் ஸ்டூடியோவை விட்டு, கலர் லேப், பிளக்ஸ் பேனர் என்று மாறி மாறிக் காலத்தைத் தள்ளிவிட்டேன்.

இப்போது அந்த மாடியில் செல்போன் ரிப்பேர் பார்க்கிறார்கள். கொட்டகை கல்யாண மண்டபமாகிவிட்டது. பிஸ்கட் டின் எங்கே போனதோ. தனபாக்கியமும் புருஷனும் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது. வீடு யாரோ சொந்தக்காரர் கைக்குப் போனதாகக் கேள்வி. அங்கே சுவரில் தொங்கிய படத்தை யாரோ போனில் பிடித்து, பழைய நடிகையின் அரிய படம் என்று போட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் இது வெளியே வர வழியே இல்லை.

சாயங்காலம் என் மகள் போனைக் கொண்டுவந்து நீட்டினாள். "அப்பா, காலையில பார்த்த படத்தை எவ்ளோ க்ளியரா பண்ணியிருக்காங்க பாருங்க." அதே முகம், அதே பச்சைத் தாவணி. தோல் எண்ணெய் தடவியது போலப் பளபளவென்று இருந்தது. புருவத்துக்கு மேலே ஒன்றுமே இல்லை.

"இங்க ஒரு தழும்பு இருந்துச்சே?"

"கீறல்னு நெனச்சு அந்த ஆப் அதுவாவே எடுத்துடும்ப்பா."

காலையில் பார்த்த பக்கத்தைத் தேடினேன். அங்கேயும் பழையதை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டுவிட்டார்கள். அதை நான் எடுத்து வைத்திருக்கலாம். முட்டாள், எனக்குத் தோன்றவில்லை. அந்தப் படத்தில் மூக்கு நடிகையுடையது. கண்ணும் சிரிப்பும் நடிகையுடையவை. பவுனுவுடையது என்று இருந்தது அந்த ஒரு நெல் மட்டும்தான்.

மேலே போனால் தழும்பெல்லாம் ஆறிவிடுமா என்று அன்றைக்குத் தனபாக்கியம் கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. ஆறிடுச்சும்மா.