வருஷத்தில் ஒரு மாதம் மிலிட்டரி

இருதயராஜ் மற்ற மாதமெல்லாம் கேங்மேன், ஒரு மாதம் மட்டும் சிப்பாய். விழுப்புரம் பக்கம் தண்டவாளத்துக்கு ஜல்லி கொட்டுகிறவனுக்கு ராணுவத்தில் என்னய்யா வேலை என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், மனுஷன் கையிலிருக்கிற டீயை ஆறவிட்டுவிட்டு விளக்க ஆரம்பித்துவிடுவான். ரயில்வேக்காரர்களையே பொறுக்கியெடுத்து வைத்திருந்த ரிசர்வ் இன்ஜினியர் பிரிவு அது. மற்ற நாட்களில் அவரவர் வேலை அவரவருக்கு. வருஷத்துக்கு ஒரு தடவை கேம்ப். அங்கே துப்பாக்கியும் பிடிக்க வேண்டும், உடைந்த பாலத்தை எழுப்பவும் வேண்டும். சண்டை வந்தால் ரயில் நிற்காமல் ஓடுவது அவர்கள் பொறுப்பு. சண்டை வராத காலத்தில் புயல் வரும், வெள்ளம் வரும், கூப்பிட்டு அனுப்புவார்கள். இவனுக்கு முந்தின ஆட்கள் எல்லையோர ஸ்டேஷனில் குண்டு விழ விழ இன்ஜினுக்குத் தண்ணீர் பிடித்த கதை கேம்ப்பில் தவறாமல் சொல்லப்படும். இவனும் சும்மா இல்லை. ஆந்திரப் பக்கம் ஒரு வெள்ளத்தில் ரயில் பாதை அறுத்துக்கொண்டு போனபோது இடுப்பளவு தண்ணீரில் நின்று ஸ்லீப்பர் கட்டை சுமந்திருக்கிறான்.

அதெல்லாம் இருக்கட்டும். கேம்ப் முடிந்து திரும்பி வருகிற நாள் இருக்கிறதே, அதுதான் பெரிய நாள். அவனுக்கில்லை, அவன் அப்பா தேவசகாயத்துக்கு.

திண்டிவனத்துக்குக் கிழக்கே ஒரு கிராமம். அங்கே காலனியில் பிறந்து, அடுத்தவர் நிலத்து மல்லாட்டைக் கடலையைப் பிடுங்கிப் பிடுங்கியே முதுகு வளைந்துபோனவர் தேவசகாயம். ஊர்முனையில் துரைக்கண்ணுவின் டீக்கடை. வாசலில் ஒரு பெஞ்சு. அதில் உட்காராதே என்று இந்தக் காலத்தில் யாரும் அவரிடம் சொன்னதில்லை. உட்கார் என்றும் யாரும் சொன்னதில்லை. அவர் புளியமரத்தடியில் நின்றபடியே குடித்துவிட்டு கிளாஸை வைத்துவிட்டு வந்துவிடுவார். மகன் பலமுறை கோபித்துக்கொண்டிருக்கிறான். "நின்னு குடிச்சாதான்டா எனக்கு எறங்குது" என்று மழுப்பிவிடுவார்.

இருதயராஜ் முதல் கேம்ப் முடிந்து மிலிட்டரி உடுப்போடு வந்த அன்று, அப்பா வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு திண்டிவனம் ஸ்டேஷனுக்கே போய்விட்டார். இரண்டு பேரும் பஸ்ஸில் வந்து ஊர்முனையில் இறங்கினார்கள். துரைக்கண்ணு பூட்ஸைப் பார்த்தார், தொப்பியைப் பார்த்தார். "வாங்க சார், உக்காருங்க" என்றார். அப்புறம், "நீயும் உக்காரு தேவசகாயம், இன்னாத்துக்கு நின்னுக்கினு இருக்க?" என்றார். அப்படி என்ன பெஞ்சு, தேக்கா, சந்தனமா? ஒரு கால் ஆடுகிற வெறும் பலகை. அதன் ஓரத்தில் தேவசகாயம் உட்கார்ந்து, ஒரு டீயை ஊதி ஊதிக் கடைசிச் சொட்டுவரை குடித்ததை மகன் பார்த்துவிட்டான். மறுநாளிலிருந்து பழையபடி புளியமரத்தடிதான். ஆனால் வருஷம் தவறாமல் அந்த ஒரு நாளுக்காக அவர் காத்திருந்தார்.

பிறகு பிரிவைக் கலைக்கச் சொல்லி உத்தரவு வந்தது. இனிமேல் தேவையில்லையாம். அவ்வளவுதான், ஒரு வரி. கடைசி அணிவகுப்பில் கொடியைச் சுருட்டி உறைக்குள் போட்டார்கள். அன்றைக்கு விருந்து தடபுடலாக நடந்தது. விழுப்புரத்திலிருந்து கூட வந்த குமரேசன், கறிச்சோற்றைத் தொடாமல் உட்கார்ந்து அழுதான். இருதயராஜ் அழவில்லை. அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்ற ஒன்றுதான் திண்டிவனம் வரைக்கும் ஓடிக்கொண்டிருந்தது.

வண்டி நின்றதும் பார்த்தால், பிளாட்பாரத்தில் அதே வெளுத்த சட்டையோடு அப்பா.

"இன்னாடா இருதயம், இளைச்சிட்ட?"

"கேம்ப்பு இந்தவாட்டி கொஞ்சம் பேஜாருப்பா."

அங்கேயே சொல்லித் தொலைத்திருக்கலாம். வாய் வரவில்லை. அடுத்த வருஷம் அந்த மாதம் நெருங்கியபோது அப்பா தானாகவே பூட்ஸை எடுத்து எண்ணெய்த்துணியால் துடைத்து வெயிலில் வைத்திருந்தார். அதைப் பார்த்தபிறகு எந்த மகனுக்கு வாய் வரும்? பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டான். மனைவி ஜெசிந்தாவிடமும் மூச்சுவிடவில்லை.

போனது எங்கே? விழுப்புரத்தில் குமரேசனின் ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு. தினமும் திண்டிவனத்திலிருந்து ரயிலில் வந்து போகிறவன் அந்த ஒரு மாதம் அங்கேயே தங்கி, வழக்கம்போல லைனில் வேலை பார்த்தான். கேம்ப்பில் போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள் என்பது வீட்டுக்குத் தெரியும். அதனால் போனை அணைத்துவைத்தான். மாதம் முடிந்ததும் விழுப்புரம் ஸ்டேஷன் குளியலறையில் உடுப்பை மாட்டிக்கொண்டு ரயில் ஏறினான். இல்லாத பிரிவின் உடுப்பைப் போடுவது குற்றம் என்று அவனுக்குத் தெரியும். வழியெல்லாம் ரயில்வே போலீஸைக் கண்டால் அடுத்த பெட்டிக்கு நழுவினான். ஆனாலும் பெஞ்சில் அப்பா டீயை ஊதிக் குடிக்கும்போது, இன்னொரு வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றிவிட்டது.

"இது சரியில்லடா. ஜல்தியா உங்கப்பன்கிட்ட சொல்லிடு. வேற யார்னா சொன்னா தாங்குவாரா?" என்று குமரேசன் கத்தினான்.

"இந்த வருஷத்தோட சொல்லிடுறேன்டா" என்றான் இருதயராஜ். அடுத்த வருஷமும் அதையேதான் சொன்னான்.

மூன்றாவது தடவை அவன் இப்படிப் போயிருந்தபோதுதான் தேவசகாயத்துக்கு மூச்சிரைப்பு வந்தது. திண்டிவனத்தில் பார்த்துவிட்டு, முண்டியம்பாக்கம் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். ஜெசிந்தாதான் தனியாக அழைத்துப்போய்ச் சேர்த்தாள். கணவன் போன் அணைந்திருந்தது. குமரேசன் கேம்ப்புக்குப் போவதை விட்டுவிட்டதாகக் கணவன் சொல்லிவைத்திருந்தான். அவனைக் கேட்டால் ரெஜிமென்ட்டுக்குத் தகவல் சொல்ல வழி தெரியும் என்று போனை எடுத்தாள்.

"வேணாம்மா" என்று மாமனார் கையைப் பிடித்துக்கொண்டார். "டூட்டியில இருக்கிறவன நடுவுல கூப்புட்டா கெட்ட பேரு. எனக்கு இன்னா, ரெண்டு நாள்ல எழுந்துக்குவேன். அவன் வர்ற அன்னிக்கு ஸ்டேஷனுக்குப் போவணும். சட்டைய வெளுக்கப் போட்டியா?"

போட்டிருப்பதாக அவள் சொன்னாள். எழுந்துகொள்வார் என்றுதான் அவளும் நம்பினாள். அவர் எழுந்துகொள்ளவில்லை. ஒரு காலையில், டாக்டர்கள் வந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூச்சு நின்றுவிட்டது.

அப்போதுதான் அவள் குமரேசனைக் கூப்பிட்டாள். "அண்ணா, முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில மாமா பூட்டாரு. எப்படியாச்சும் ரெஜிமென்ட்டுக்குச் சொல்லி அவர வரச் சொல்லுங்கண்ணா."

குமரேசன் தண்டவாளத்தின் மேல் நின்றிருந்தான். பக்கத்தில் இருதயராஜ் கடப்பாரையோடு நின்றிருந்தான். குமரேசன் போனை அவன் காதில் வைத்தான். ஜெசிந்தா அதையே திரும்பத் திரும்பச் சொல்லி அழுதுகொண்டிருந்தாள்.

அவன் ஓடினான். பஸ் வேண்டியிருக்கவில்லை, ஆட்டோ வேண்டியிருக்கவில்லை. பாவி, அந்த வாரம் முழுக்க அவர்கள் வேலை செய்துகொண்டிருந்தது முண்டியம்பாக்கத்தில். பாதையை விட்டு இறங்கி ஒரு மல்லாட்டைக் கொல்லையைத் தாண்டினால் ஆஸ்பத்திரி மதில்.

ஆரஞ்சு கோட்டும் கிரீஸ் கையுமாக வார்டுக்குள் வந்தவனை ஜெசிந்தா மேலும் கீழும் பார்த்தாள். கட்டிலில் அப்பாவை முகம்வரை மூடியிருந்தார்கள். அவன் துணியை விலக்கிப் பார்த்தான். கால்மாட்டில் தரையில் உட்கார்ந்து அந்தக் காலைப் பிடித்துக்கொண்டு, நெஞ்சு வெடிக்க அழுதான். அழுது ஓய்ந்ததும் ஜெசிந்தா கேட்டாள்.

"கேம்ப்புல இருந்து எப்படி இவ்ளோ சீக்கிரம் வந்தீங்க?"

"கேம்ப்பு இல்ல ஜெசி. யூனிட்டயே கலைச்சிட்டாங்க. மூணு வருஷமாவுது. அப்பா அந்த ஒரு நாளுக்குத்தான் உசுர வச்சிக்கினு இருந்தாரு. அதான் சொல்லல."

"அப்ப இத்தினி நாளும் எங்க இருந்தீங்க?"

அவன் ஜன்னல் பக்கம் கையைக் காட்டினான். கொல்லைக்கு அந்தப் புறம் மேட்டில் ரயில் பாதை. ஆரஞ்சு கோட்டு போட்ட ஆட்கள் சின்னதாகத் தெரிந்தார்கள். ஜெசிந்தா பார்த்துக்கொண்டே நின்றாள்.

"முந்தாநேத்து சாயந்திரம் மாமா இந்த ஜன்னலாண்ட உக்காந்துக்கினு இருந்தாரு. 'யம்மா, அதோ இடுப்புல கைய வச்சிக்கினு நிக்கிறான் பாரு, நம்ம இருதயம் மாதிரியே இருக்கான்'னாரு. நான் எட்டிக்கூடப் பாக்கல. 'அவரு கேம்ப்புல இருக்காரு மாமா, இங்க எப்படி வருவாரு'ன்னுட்டேன்."

"அதுக்கு அப்பா இன்னா சொன்னாரு?"

அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

"'ஆமாமா, நம்ம புள்ளையா இருந்தா, இவ்ளோ கிட்ட இருந்துக்கினு என்ன வந்து பாக்காமயா பூடுவான்'னாரு. சொல்லிட்டு திரும்பிப் படுத்துக்கினாரு."