ஒரு மணிக்குத் தூங்கும் சர்வர்

புனேயின் பழைய பேட்டைகளில் மதியம் ஒரு மணிக்குக் கடைகள் ஷட்டரை இறக்கிவிடும். நான்கு மணிக்குத்தான் திறப்பார்கள். வாடிக்கையாளர் வாசலிலேயே நின்றாலும் கடைக்காரருக்குத் தூக்கம்தான் முக்கியம். மதுரைக்காரனான எனக்கு இது இன்னும் பழகவில்லை. டவுன்ஹால் ரோட்டில் அப்பா ஃபேன்சி ஸ்டோர் வைத்திருந்தார். அவர் சாப்பிடப் போனால் அம்மா கல்லாவில் உட்காருவார். அம்மா போனால் நான். பகலில் கடையைச் சாத்தியிருந்தால் வீட்டில் ஏதோ துக்கம் என்று அக்கம்பக்கத்தார் விசாரிக்க வந்துவிடுவார்கள்.

புனேயின் ஹிஞ்சேவாடியில், சிறு கடைக்காரர்களின் சர்வர்களைப் பராமரிக்கும் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். சென்ற ஆவணியில், விநாயகர் சதுர்த்திக்கு முந்தைய வாரத்துப் புதன்கிழமை காலை, அவசர எச்சரிக்கை ஒன்று வந்தது. நாங்கள் பயன்படுத்தும் சர்வர் மென்பொருளில் பெரிய ஓட்டை. வெளியிலிருந்து வரும் செய்தியின் நீளத்தை அது அளந்து பார்ப்பதில்லை. வேண்டுமென்றே மிக நீளமாக ஒன்றை அனுப்பினால், நினைவகத்தில் ஒதுக்கிய இடத்தைத் தாண்டிப் பக்கத்து இடத்தில் வழியும். அந்த வழியே அந்நியர் புகுந்து சர்வரையே கைப்பற்றலாம். திருத்திய பதிப்பை ஏற்றி, சர்வரை நிறுத்தித் தொடங்க வேண்டும்.

எங்கள் வாடிக்கையாளரான மாலதி காகு பழைய பேட்டையில் மோதகக் கடை நடத்துபவர். இங்கே சித்தி, அத்தை வயதுப் பெண்களைக் காகு என்பார்கள். சதுர்த்தி ஆர்டர் அத்தனையும், வாங்குபவர்களின் முகவரிகளோடு, அவர் சர்வரில்தான் இருந்தன. ஃபோனில் சொன்னதும், "என் கண் முன்னால செய்," என்று இந்தியில் கட்டளையிட்டார். போனேன். விஷயத்தை விளக்கினேன்.

"பூரணம் அதிகமானா மோதகம் வாய் பிளக்குமே, அப்படியா?"

"அதேதான் காகு. பிளந்த வழியா எறும்பும் வந்துடும்."

"அப்போ உடனே மூடு."

"இது வியாபார நேரமாச்சே. நடுராத்திரி செய்றேன்."

"எங்க ஊர்ப் பெண்கள் வீட்டு வேலையெல்லாம் முடிச்சு அப்பதான் ஆர்டர் போடுவாங்க. அதுவரை திருடன் காத்திருப்பானா? ஒரு மணிக்குச் செய். அப்போ வலைத்தளமும் ஆர்டர் எடுக்காது."

"வலைத்தளத்துக்கும் தூக்கமா?"

"ஏன், அதுவும் காலையிலேருந்து நிக்குதுல்ல?"

ஒரு மணிக்கு ஷட்டர் இறங்கியது. சர்வரை நிறுத்தினேன். அன்று காகு தூங்கப் போகவில்லை. திருத்தம் ஏறிய பிறகும் திரை கறுப்பாகவே இருந்தது. ஆர்டர்கள் அழிந்திருந்தால் பண்டிகை வியாபாரமே போச்சு. "கணபதி பப்பா," என்று முணுமுணுத்தார் காகு. நான் மனத்துக்குள் எங்கள் மீனாட்சி கோயில் முக்குறுணிப் பிள்ளையாரைக் கூப்பிட்டேன். யார் கேட்டாரோ, எழுத்துகள் வரிசையாக வந்தன.

"மாடி வீட்டு ஜோஷி ஆர்டர் இருக்கா?"

"இருக்கு."

"ஏலக்காய் வேண்டாம்னு சொன்னாளே?"

"அதுவும் இருக்கு."

"எல்லாத்துலயும் நொட்டை சொல்றவ. அவளோடது தப்பிச்சிருந்தா மத்ததும் தப்பிச்சிருக்கும்," என்று சிரித்தார். "நீயே ஒரு ஆர்டர் போட்டுப் பாரு."

சோதனைக்காக வலைத்தளத்தின் மதியத் தூக்கத்தைக் கலைத்துத் திறந்தேன். பெயரை அடித்தேன், கை தன்போக்கில் முகவரியையும் அடித்தது. சர்வர் கொஞ்சமும் தயங்காமல் மராத்தியில் பதில் சொன்னது: மதுரைக்கு நாங்கள் அனுப்புவதில்லை.

காகு எட்டிப் பார்த்தார். "சர்வர் நல்லாத்தான் இருக்கு. இப்போ உன் வீட்டு முகவரியைப் போடு."

வாகட், புனே என்று அடித்தேன். ஏற்றுக்கொண்டது.