ஸ்பீக்கரைக் காவல் காத்த லவன்

என் கணவர் லவனுக்கு உலகத்தில் யார் மேலும் நம்பிக்கை கிடையாது. வெள்ளவத்தைச் சந்தையில் மீன் வாங்கினால் தராசைப் பார்க்கமாட்டார், நிறுப்பவன் விரலைத்தான் பார்ப்பார். லிஃப்ட் பழுதானால் அது மேல்மாடிக்காரன் வேண்டுமென்றே செய்த வேலை. காலி வீதியில் மருந்துக்கடை வைத்திருக்கிறார். டொக்டர் எழுதிய துண்டையும் வெளிச்சத்தில் பிடித்து ஆராய்வார். எனக்கு இதெல்லாம் கேட்டுக் காது புளித்துவிட்டது. மகள் யதுஷா மட்டும் அப்பா சொல்வதை அப்படியே நம்புவாள்.

போன மாதம் அவளுக்கு ஜிம்னாஸ்டிக் தெரிவுப் போட்டி. இதில் தேறினால்தான் அகில இலங்கைப் போட்டிக்குப் போகும் அணியில் இடம். கொட்டாஞ்சேனையில் அவளைப் பழக்கும் ஷிஹாரா மிஸ், தன் போனில் இருந்த இசையைப் போட்டி மண்டபத்து ஸ்பீக்கரில் போட்டுவிட்டுச் சற்றுத் தள்ளி நின்றார். யதுஷா விரிப்பில் ஓடத் தொடங்கினாள்.

"அங்க பாரும். அந்தச் சிவப்புச் சேட்டுப் போட்டவன் ஸ்பீக்கர் வயரில கை வைக்கிறான்," என்றார் லவன்.

"ஆரும் தடக்கி விழாமல் ஒதுக்கிறார். நீங்கள் பேசாமல் பிள்ளையைப் பாருங்கோ."

"உமக்கொண்டும் தெரியாது. அவன் மற்றக் கிளப்காரன்."

நான் கையைப் பிடிப்பதற்குள், மிஸ்ஸை எச்சரிக்கவென்று அவருடைய போனுக்கே கோல் எடுத்துவிட்டார்.

இசை பட்டென்று நின்றது. மண்டபம் முழுக்க ரிங் அடித்தது. அந்த நேரம் யதுஷா அந்தரத்தில் குட்டிக்கரணத்தில் இருந்தாள். அவள் விழவில்லை. காலூன்றி நிமிர்ந்து, இசையே இல்லாமல் மிச்சத்தையும் செய்து முடித்தாள். உதடுகள் மட்டும் தாளத்தை எண்ணிக்கொண்டிருந்தன. பெற்ற வயிறு, பெருமையில் கண்ணீர் முட்டியது.

லவனோ இசை நின்றதுமே நேரே நடுவர் மேசைக்குப் போய்விட்டிருந்தார். நானும் பின்னால் ஓடினேன்.

"வேணுமெண்டு நிப்பாட்டினவங்கள். விசாரிக்க வேணும்."

நடுவர் பொறுமையாகச் சிங்களத்தில் விளக்கினார். மண்டபத்துக் கருவி பழுதென்றால் பிள்ளை மறுபடியும் செய்யலாம்; பிள்ளையின் பக்கத்தால் வந்த தடங்கலென்றால் முடியாது.

ஷிஹாரா மிஸ் தன் போனை நீட்டினார். "கருவியில ஒரு பழுதும் இல்ல. கோல் வந்துதான் மியூசிக் நின்டிச்சி. ஒங்கட கோல்தான்."

இசையில்லாமல் செய்ததற்குப் புள்ளி வெட்டினார்கள். அணியின் கடைசி இடம் சாமினி என்ற பிள்ளைக்குப் போனது.

ஓட்டோவில் வீடு திரும்பினோம். லவனைத் திட்ட நான் நல்ல வசனங்களாகச் சேர்த்து வைத்திருந்தேன். யதுஷா முந்திக்கொண்டாள்.

"அப்பா, மியூசிக் நிண்டாப்பிறகும் நான் விடேல்ல. பாத்தனீங்களா?"

"ஓம் பிள்ளை, பாத்தனான். நல்லாச் செய்தனீ."

வேறு நாளென்றால் அதோடு விட்டிருப்பாள். அன்று திரும்பி அவர் முகத்தையே உற்றுப் பார்த்தாள்.

"அப்ப கடைசியா என்ன செய்தனான்?"

லவன் என்னைப் பார்த்தார். எனக்கு விடை தெரியும். சொல்லிக்கொடுக்க மனம் வரவில்லை.