ஒரே விலாசத்தில் ஏழு விண்ணப்பங்கள்

பதுளையில் ஒரு தனியார் கம்பனியின் எச்.ஆர். பிரிவில் பல வருடம் இருந்துவிட்டு அண்மையில்தான் ஓய்வு பெற்றேன். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள், சி.வி.யில் பொய்யை எப்படிக் கண்டுபிடிப்பது என்று என்னிடம் கேட்பார்கள். அதில் நான் பெரிய கெட்டிக்காரன் என்று ஒரு பெயர். அந்தப் பெயர் என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதையும் அவர்கள் தெரிந்துகொள்ளட்டும்.

1. பிடித்துவிட்டேன்

கிளார்க் வேலைக்கு விளம்பரம் போட்டிருந்தோம். வயதெல்லை இருபத்தைந்து. விண்ணப்பங்களைப் பிரிக்கும்போது ஏழு பெண்கள் ஒரே விலாசத்தைக் கொடுத்திருந்தது கண்ணில் பட்டது. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு கொமியூனிகேஷன் கடை. போட்டோகொப்பி எடுக்கிற கடையில் ஏழு பெண்கள் குடியிருப்பார்களா? ஏதோ ஏஜென்ட் வேலை என்று முடிவுகட்டினேன். நடந்துபோய்க் கேட்டிருந்தால் பத்து நிமிடம், போகவில்லை. ஏழையும் ஒரே கிளிப்பில் போட்டு, ‘பொய் விலாசம்’ என்று எழுதி ஒதுக்கினேன். மத்தியானம் சாப்பாட்டு மேசையில் நாலு பேருக்குச் சொல்லிப் பெருமைப்பட்டும் கொண்டேன்.

2. எங்கள் கம்பனி உறை

மூன்று கிழமை கழித்து ஸ்டெல்லா என்ற பெண் வந்தாள். நமுனுகுல பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்தில், தொழிலாளர் வரிசை வீடொன்றில், இருப்பவள். அம்மா கொழுந்து எடுக்கிறவர். அந்த ஏழு பேரில் ஒருத்தி. தன்னை ஏன் நேர்முகப் பரீட்சைக்குக் கூப்பிடவில்லை என்று தணிந்த குரலில் கேட்டாள். நான் பைலைத் திறந்து அந்த விலாசத்தைக் காட்டினேன்.

“இது நீர் இருக்கிற வீடோ, பிள்ளை?”

“இல்லைங்க சார். லயத்துக்குன்னு எழுதுனா கடிதம் தோட்டத்து ஆபீசுக்குத்தான் போகும். அங்கேயே கெடக்கும். கடைக்கார அண்ணன்னா வந்த அன்னைக்கே போன் பண்ணிருவாரு.”

நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவன். இத்தனை வருடம் இந்த மலையில் சம்பளம் வாங்கியும் இது எனக்குத் தெரியாது. அப்போதும் என் வாய் அடங்கவில்லை. பொய் பொய்தான் என்றேன்.

அவள் கைப்பையிலிருந்து ஓர் உறையை எடுத்து மேசையில் வைத்தாள். எங்கள் கம்பனி உறை. உள்ளே முந்திய வருடத்து நேர்முகப் பரீட்சைக்கான அழைப்பு, கீழே என் கையெழுத்து. அந்த முறை அவள் லயத்து விலாசத்தைத்தான் கொடுத்திருந்தாள். பரீட்சை முடிந்து ஒரு மாதம் கழித்தே கடிதம் அவள் கைக்கு வந்திருக்கிறது.

பழைய பட்டியலை எடுத்துப் பார்த்தேன். அவள் பெயருக்கு நேரே ‘சமுகமளிக்கவில்லை’ என்று நானே எழுதியிருந்தேன். மேலும் கீழும் பார்த்தேன். தோட்டத்து விலாசம் கொடுத்த அத்தனை பேருக்கும் அதே சொல். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அக்கறை கிடையாது, கூப்பிட்டாலும் வரமாட்டார்கள் என்று எத்தனை கூட்டங்களில் பேசியிருப்பேன்!

3. விதி

முகாமையாளரிடம் ஓடினேன். இன்னும் இரண்டு இடம் நிரப்பப்படாமல் இருந்தது. மறுபடி ஒரு நாள் வைக்கலாம் என்றார். ஆனால் நேர்முகப் பரீட்சை நாளில் வயதெல்லை தாண்டியிருக்கக் கூடாது என்பது கம்பனி விதி. ஸ்டெல்லாவுக்கு முந்திய கிழமைதான் இருபத்தாறு வயது ஆகியிருந்தது. ஒரு கிழமைதானே என்று வாதாடிப் பார்த்தேன். அவர், அந்த விதியை எழுதிக் கொடுத்ததே நீங்கள்தானே என்றார். உண்மைதான். நானேதான் எழுதினேன்.

திரும்பி வந்து அவளிடம் எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை. அவள் அந்த உறையை எடுத்துத் திரும்பக் கைப்பையில் வைத்தாள்.

“எனக்குப் போயிருச்சு சார். எங்க தோட்டத்துலேருந்து போட்ட மத்த ஆறு பேருக்கும் இன்னும் வயசு இருக்கு. அவங்களையாவது கூப்பிடுங்க.”

அவளே தன் போனைப் பார்த்து ஒவ்வொரு நம்பராகச் சொன்னாள். நான் அங்கேயே இருந்து ஆறு பேருக்கும் போன் எடுத்துப் பேசினேன். ஆறு பேரும் வந்தார்கள், சொன்ன நேரத்துக்கு முன்பே. இரண்டு பேரை எடுத்தோம்.

தம்பி தங்கைமாரே, ‘வரவில்லை’ என்று எழுதுவதற்கு முன், அந்த ஆளுக்குத் தகவல் போய்ச் சேர்ந்ததா என்று கேளுங்கள். நான் கேட்கவில்லை. அன்று புறப்படும்போது ஸ்டெல்லா எனக்கு நன்றி சொன்னாள். அதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.