மாமா கொண்டு போன வார்த்தை

என் மனைவி கோபித்துக்கொண்டு சிதம்பரத்தில் இருக்கும் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். அவளை அழைக்கக் கடலூரிலிருந்து நான் போகவில்லை. எங்கள் வழக்கப்படி தாய்மாமாவைத் தூது அனுப்பினேன். "அவ இல்லாம முடியல மாமா, வரச் சொல்லுங்க" என்றேன். விவாகரத்து நோட்டீஸ்தான் வந்தது. செத்துவிடலாம் போலிருந்தது.

கடைசி முயற்சியாகக் குடும்ப ஆலோசகரிடம் இருவரும் போனோம். கூடவே வந்த மாமா, எங்களைக் கேட்ட கேள்விக்கெல்லாம் தானே பதில் சொன்னார். ஆலோசகர் அம்மா அவரை வெளியே அனுப்பிவிட்டு, "உங்க வீட்டுக்காரர் சொன்னதா உங்களுக்கு வந்த வார்த்தைய அப்படியே சொல்லுங்கம்மா" என்று என் மனைவியிடம் கேட்டார்.

"வந்தா வரட்டும், இல்லன்னா வேற பொண்ணு பாத்துக்குறேன்னு சொன்னீங்களாமே" என்றாள்.

நான் சொல்லி அனுப்பியதைச் சொன்னேன். அவள் நம்பவில்லை.

வெளியே வந்து மாமாவைக் கேட்டேன். "நாம கெஞ்சினா மரியாத என்னடா ஆவறது? வெறப்பா சொன்னாத்தான் பயந்து வருவா" என்றார், கொஞ்சமும் கூசாமல்.

இப்போது தினமும் நானே அவளுக்குப் போன் செய்கிறேன். பல நாள் எடுப்பதில்லை. "நான் வேணா இன்னொரு தடவ பேசிப் பாக்கவா?" என்று மாமா கேட்டார். வாசல்படி மிதிக்காதீர்கள் என்று சொல்லிவிட்டேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு மாமா இருப்பார், அவரிடம் எதையும் சொல்லி அனுப்பாதீர்கள்.